அசையாத குருகு

நாற்பது நிமிடமாகப் பறவை அசையவில்லை. மருந்துக்கடைக்காரரும் அசையவில்லை. கொசுக்கள் மட்டும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கோரைப் புல்லுக்கு நடுவே, அலகை வானத்துக்கு நீட்டி, செங்கல் நிறத்தில் ஒல்லியாக நின்றது. செங்குருகு. நகரத்து ஏரியில் யாரும் பார்த்திராத கொக்கு இனப் பறவை. பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர், போன வருடப் பறவைக் கணக்கெடுப்பில் இதே மருந்துக்கடைக்காரர். மறுநாள் பறவைச் சங்கமே திரண்டு வந்தது. அதே இடத்தில், அதே நிறத்தில், ஒரு பிளாஸ்டிக் பொம்மை நின்றிருந்தது.

அன்றிலிருந்து சங்கத்தில் அவர் பெயர் 'பிளாஸ்டிக்'. கடைக்கு வருகிறவர்கள்கூட, "இது நிஜ மாத்திரைதானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சங்கத் தலைவரான பல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தப்பு நடந்தால் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்காது, அதுவரை, மனைவியின் கையெழுத்து இல்லாமல் அவர் எழுதும் குறிப்பு செல்லாது.

மனைவி நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுதட்டுமா, வேண்டாமா?"

"இரு. மூச்சு விடுதான்னு பாக்கறேன்."

"முதல்ல நீங்க விடுங்க. மூஞ்சி நீலமாயிடுச்சு."

அவர் விட்டார். பறவை விட்டதாகத் தெரியவில்லை.

"ஒரு மண்ணாங்கட்டியைத் தூக்கிப் பக்கத்துல போடுங்களேன்."

போட்டார். தண்ணீர் தெறித்தது. இரண்டு நீர்க்கோழிகள் அலறிக்கொண்டு ஓடின. குருகு அப்படியே நின்றது. கை தட்டினார். இருமினார். கடைசியில் பாடவும் பாடினார்.

"அந்தப் பாட்டுக்கே அசையலைன்னா அது உயிரோட இல்லீங்க," என்றாள் மனைவி.

அவருக்கு ஒரே நிம்மதி. "பொம்மைதான்! யாரோ மறுபடியும் என்னை மாட்டிவிடப் பாக்கறான்."

போட்டோ எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'எச்சரிக்கை. வடகரையில் மீண்டும் பிளாஸ்டிக் குருகு. யாரும் ஏமாற வேண்டாம்.'

"என் கையெழுத்து?"

"அது பறவைக்குத்தான். பொம்மைக்கு எதுக்கு?"

கால் மணி நேரத்தில் பன்னிரண்டு பேர் கரையில் கூடிவிட்டார்கள். பல் டாக்டர் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்து வைத்த நோயாளியைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

"மட்டமான வேலை. கழுத்துல பெயின்ட் கோடு கோடா வழிஞ்சிருக்கு. கால் விரலாவது ஒழுங்கா செஞ்சிருக்கானா? செங்குருகு எப்படி இருக்கும்னே தெரியாத ஆளு." பைனாகுலரை இறக்கினார். "கண்டுபிடிச்சவரே போய் எடுத்துட்டு வரட்டும். ஏரியில பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது."

மருந்துக்கடைக்காரர் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு இறங்கினார். மூன்றாவது அடியில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஐந்தாவது அடியில் ஒரு செருப்பு சேற்றோடு போனது. அதைத் தேடக் குனிந்ததில் மூக்குக் கண்ணாடியும் போனது.

"அது புது பேன்ட்டுங்க!" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

ஒருவழியாகக் குருகுக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றார். ஒரு வருட அவமானம் இதோ முடியப்போகிறது. கரையைப் பார்த்துத் திரும்பி, சொற்பொழிவாளர்போலக் கையை நீட்டினார்.

"பாருங்க! கண்ணுக்குக்கூட என்னமா மஞ்சள் மணி பதிச்சிருக்கான்!"

மஞ்சள் மணி இமைத்தது.

அடுத்த நொடி பறவை கிளம்பியது. கிளம்புமுன் அவர் தலையில் வெள்ளையாக ஒன்றை விட்டுச் சென்றது. ஒரு வட்டமடித்து, இன்னும் உள்ளே தள்ளிக் கோரைக்குள் இறங்கி மறைந்தது.

பன்னிரண்டு வாய்கள் திறந்தன. பல் டாக்டரின் வாய்தான் பெரிதாகத் திறந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் அந்தப் பறவைக்காகக் காத்திருந்தவர்.

"பறக்குது," என்றார். பிறகு கோபம் வந்தது. "யோவ் பிளாஸ்டிக்! போன வருஷம் பொம்மையைப் பறவைன்னீர். இந்த வருஷம் பறவையைப் பொம்மைங்கறீர். உம்ம கண்ணுக்கு எதுதான்யா சரியா தெரியும்?"

"கழுத்துல பெயின்ட் வழியுதுன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சே?" என்றாள் மனைவி.

"அது... வெயில் எதிர்ல அடிச்சது." பல் டாக்டர் பையிலிருந்து உறுப்பினர் பட்டியலை எடுத்து, மனைவியிடமிருந்து பேனாவை வாங்கி, ஒரு பெயரின் மேல் நீளமாகக் கோடு இழுத்தார்.

மருந்துக்கடைக்காரர் தண்ணீரிலேயே நின்றார். கரையேற மனம் வரவில்லை. மனைவி நோட்டை மூடினாள்.

அப்போது ஏரிக் காவலாளி தோளில் ஒரு சாக்குப் பையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரு சார் அங்க எறங்கினது? ஏறுங்க மேல! ஆளைக் கண்டா பயத்துல கட்டையா நிக்கிற பறவை அது! ஒரு நாள் நான் லேட்டா வந்தா இப்படியா?"

சாக்கைத் தரையில் போட்டார். அதன் வாயிலிருந்து செங்கல் நிறத்தில் ஓர் அலகு நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. அது அசையவே இல்லை.

"என்னய்யா அது?" என்றார் பல் டாக்டர், மெதுவாக.

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"கோச்சுக்காதீங்க சார். போன வருஷம் அந்த ஐயா நிஜக் குருகைப் பாத்துட்டாரு. மறுநாள் நீங்க கும்பலா வந்து அதை முட்டையை விட்டுக் கிளப்பிடுவீங்களேன்னு, உங்களைத் திருப்பி அனுப்ப நான்தான் இந்தப் பொம்மையை அங்க நட்டு வெச்சேன்."