குடும்பத்தைச் சேராத டிவி

தென்காசிக்குப் பெருமை என்றால் அருவியும் கோபுரமும்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது, இன்னொன்று நின்றுகொண்டே இருக்கிறது. இரண்டும் இதுவரை எதைப் பற்றியும் ஒரு கருத்துச் சொன்னதில்லை. கருத்துச் சொல்லக்கூடிய ஒரே பெருமை கூலக்கடை பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பலவேசம் மட்டுமே.

பலவேசத்துக்கு வயது நாற்பத்தாறு. ஊராரின் பார்வையைத் திருத்துவது அவர் தொழில். ரசனையைத் திருத்துவது அவர் தொண்டு. தொண்டுக்காகவே ‘பலவேசம் பார்வை’ என்று யூடியூபில் ஒரு சேனல் நடத்திவந்தார். அதில் அறுநூற்றுப் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள். கணிசமான பேர் கண்ணாடியை ரிப்பேருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த சமயத்தில், அவர்கள் போனை வாங்கி அவரே சேர்த்துவிட்டவர்கள். தாங்கள் எதில் சேர்க்கப்பட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிய அப்போது வழியில்லை.

அவருடைய கருத்துகள் உறுதியானவை. தொடரைப் போனில் பார்ப்பவன் அதைப் பார்த்தவனாகமாட்டான், கேட்டவன்தான். மடங்கும் போன் மனிதகுலத்தின் முன்னேற்றம், ஆனால் மடக்கும்போது வருகிற சத்தத்தில் இன்னும் ‘ஆழம்’ வேண்டும். வீடியோ கேம் விளையாடுபவன் கூலியாள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறை சொல்பவனே கலைஞன். இந்தக் கடைசிக் கருத்தை அவர் பக்கத்துக் கடையில் நின்று வளர்த்துக்கொண்டார். செல்போன் கடை வைத்திருக்கும் கடையநல்லூர் முகம்மது ஆசிக், ஆள் வராத மத்தியான வேளையில் கார் ஓட்டுகிற கேம் ஒன்றை விளையாடுவான். பலவேசம் பின்னால் நின்று, “வளைவுல ஒரு உணர்ச்சியே இல்லியே” என்பார். ஆசிக் அந்த வளைவிலேயே காரைக் கவிழ்த்துவிடுவான்.

விமரிசனத்தில் உறவு பார்க்கக் கூடாது என்பது பலவேசத்தின் கொள்கை. நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய அண்ணன் சிவனணைந்தபெருமாள், போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு, மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மறுநாள் காலையே ‘பலவேசம் பார்வை’யில் கல்யாணத்துக்கு விமரிசனம் வந்துவிட்டது. ‘பந்தியின் தொடக்கம் விறுவிறுப்பு. அவியலுக்குப் பிறகு தொய்வு. ட்ரோன் காட்சிகள் பழைய பாணி. மாப்பிள்ளை பாத்திரத்துக்கு இன்னும் பொருத்தமான முகத்தைத் தேடியிருக்கலாம். ஐந்துக்கு இரண்டரை.’

அண்ணன் போன் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “இனிமே எம் வாசப்படிய மிதிக்காதலே.” அதோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது, தொடர் நிற்கவில்லை. அண்ணன் புது டிவி வாங்கிய நாளில் அவருடைய போன் நம்பரைக் கொடுத்து ஓடிடி கணக்கைத் திறந்துவைத்ததே பலவேசம்தான். அதில் ‘பெருமாள்’, ‘வள்ளி’, ‘பலவேசம்’ என்று மூன்று பெயர்கள் இருந்தன. வள்ளி என்பது மதினி ஆனந்தவள்ளி. சண்டைக்குப் பிறகு அண்ணன் மூன்றாவது பெயரை எடுத்துவிட ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவர் அமுக்கவில்லை. தன் ரசனைக்கு அண்ணன் செலுத்துகிற மரியாதை என்று பலவேசம் அதை ஏற்றுக்கொண்டு, தன் வீட்டு டிவியில் நான்கு வருடமாகப் பார்த்துவந்தார். வாசப்படி வேறு, கடவுச்சொல் வேறு.

இந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, கொரியத் தொடர் ஒன்றின் கடைசி எபிசோட் வெளியான அன்று, அவர் மனைவி மாரிச்செல்வி அடுப்படிக்கும் டிவிக்கும் நடுவில் நின்று கூப்பிட்டாள்.

“என்னங்க, இங்கன வந்து பாருங்க. நாம குடும்பம் இல்லியாம்.”

“எவன் சொன்னான்?”

“டிவிதான் சொல்லுது.”

பலவேசம் வந்து வாசித்தார். ‘இந்த டிவி, கணக்கு வைத்திருப்பவரின் குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால், அவருடைய போனுக்கு வரும் நான்கு இலக்க எண்ணைப் பதினைந்து நிமிடத்துக்குள் உள்ளிடவும்.’

“எழுத்து வடிவம் நல்லாருக்கு. வாசகம்தான் கொஞ்சம் வறட்சி” என்றார் பலவேசம்.

“அத்தானுக்கு ஒரு போன் போட்டு நம்பரக் கேளுங்க. அப்படியே எப்படி இருக்காகன்னும் கேளுங்க.”

“அது எப்படி கேக்க முடியும்? நான் ஒரு விமரிசகன்.”

“சரி, அப்ப கடைசி எபிசோட நீங்களே மனசுக்குள்ள எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே முகம்மது ஆசிக்கின் கடையில் அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் இரண்டு பேரும் இரண்டு டீயும் கலந்துகொண்டார்கள். சொந்தமாக ஒரு கணக்கு எடுத்துக்கொள்ளலாமே என்ற ஆசிக்கின் தீர்மானம் முதலில் விவாதத்துக்கு வந்தது.

“தனிக் கணக்கா? அண்ணன் தம்பி பிரிஞ்சிட்டாங்கன்னு ஊரு சொல்லாதாடே?” என்று பலவேசம் அதை நிராகரித்தார்.

ஆசிக் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “அண்ணாச்சி, நேர்ல போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க. பெரியவங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுல்லா. அவங்களும் இப்ப...”

“நேர்ல. அதான் சரி. நம்பரு வந்ததும் கையோட வாங்கிறலாம்” என்று பலவேசம் எழுந்தார். ‘அவங்களும் இப்ப’ என்பதற்குப் பிறகு என்ன என்று கேட்கவில்லை. முழுதாகக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்கிற பழக்கம் அவருக்கு எந்த விஷயத்திலும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீடு இருக்கும் இலஞ்சிக்குப் போனார். வாசப்படியை மிதிக்காமல் தெருவில் நின்று பார்த்தார். வீடு பூட்டியிருந்தது. மகளும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள், எல்லாரும் குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள் எதிர்வீட்டில். பலவேசத்துக்கு ஆச்சரியம் இல்லை. சீசன் தொடங்கி முதல் தண்ணீர் விழுந்தால், போலீஸ் கயிறு கட்டுவதற்கு முன்னால் போய் அருவிக்கு அடியில் நிற்கிற ஆள் அண்ணன். டூட்டியில் இருந்த காலத்தில் கயிறு கட்டுகிறவரே அவராக இருந்ததால் அது வசதியாகவும் இருந்தது.

ஐந்தருவியில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகளுக்கு நடுவே சட்டை கசங்காமல் நடப்பது பெரும்பாடாக இருந்தது. அண்ணனைப் பெண்கள் வரிசைப் பக்கமும் தேடினார், ஆண்கள் வரிசைப் பக்கமும் தேடினார். கடைசியில் பழக்கடை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்டுபிடித்தார். மடியில் ஏழெட்டுத் துண்டு. காலடியில் செருப்புக் குவியல். கையில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் குடும்பத்தின் போன்கள் அத்தனையும். முப்பத்தைந்து வருடம் சட்டம் ஒழுங்கைக் காத்த மனிதர் துணிமணிகளைக் காத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே.”

“வாலே” என்றார் பெருமாள், காலையில் பார்த்தவனை மத்தியானம் பார்ப்பதுபோல. “டிவி நின்னு போச்சோ?”

அண்ணன் நன்றாக மெலிந்திருந்தார். ‘வயதுக்கேற்ற மாற்றம், வரவேற்கத்தக்கது’ என்று விமரிசகரின் கண் குறித்துக்கொண்டது.

“நீங்க குளிக்கலியா?”

“கூடாதுன்னுட்டாங்க.”

“யாரு, போலீஸா? தண்ணி ஒண்ணும் அவ்வளவு இல்லியே.”

பெருமாள் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிக் காட்டினார். கழுத்துக்குக் கீழிருந்து நெஞ்சு நடுவே நேராக ஒரு தழும்பு இறங்கியது. அது எங்கே முடிகிறது என்று பார்க்க இன்னும் இரண்டு பொத்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

“பங்குனில. பாளையங்கோட்டையில வச்சு” என்றார்.

“எனக்கு ஒருத்தரும் சொல்லலியே.”

“ஒங்க மதினி சொல்லணும்னுதான் நின்னா. நாந்தான், அவனுக்கே தெரிஞ்சிரும்னேன். நான் பாத்துக்கிட்டிருந்தது நாலாவது எபிசோடுல பாதியில அப்படியே கெடக்குல்லா. தெனமும் தொறந்து பாக்குதவன், எம் பேரு பக்கத்துல ஒரு தடவயாவது பாப்பான்னு நெனச்சேன்.”

பலவேசம் பார்த்திருந்தார். அதுதான் சங்கடம். பங்குனிக் கடைசியில் ஒருநாள் அண்ணன் பெயரைத் தொட்டுப் பார்த்து, அந்தத் தொடர் பாதியில் நிற்பதைக் கண்டுபிடித்து, அன்றைக்கே சேனலில் அறிவித்தும் இருந்தார். ‘என் குடும்பத்தில் ஒரு மூத்த ரசிகரே நாலாவது எபிசோடைத் தாண்ட முடியவில்லை. அந்த அளவுக்குத் தொய்வு. நெஞ்சு வலி வருகிறது.’

“அந்த வீடியோவப் பாத்தேன்” என்றார் பெருமாள். “ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுத்தான் பாத்தேன். ஒங்க மதினி எந்திச்சு வராந்தாவுக்குப் போயிட்டா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. சிரிச்சா தையல் பிரிஞ்சிரும்னு நர்ஸம்மா சத்தம் போட்டுச்சு.”

பலவேசம் ஈரத்தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். வெளுத்த வேட்டி நனைவதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“நீயும் ஒருக்கா நிறுத்துனல்லா, தை மாசம்” என்று அண்ணன் தொடர்ந்தார். “மூணாவது எபிசோடு, அந்தக் கெழவன் ரயில் ஏறுத எடம். பதினோரு நாளு அப்படியே கெடந்துச்சு. எனக்கு இருப்புக் கொள்ளல. ஆசிக்குக்குப் போன் போட்டேன். ஒனக்குக் காய்ச்சல், கடையத் தொறக்கல, மேலுக்கு ரொம்ப முடியலன்னான். பன்னெண்டாம் நாளு காலையில பாத்தேன், கெழவன் ரயில விட்டு எறங்கிட்டான். அதுக்குப் பொறவுதான் ஒழுங்கா சாப்பிட்டேன்.”

அண்ணன் மடியிலிருந்து நழுவிய துண்டு ஒன்றைப் பலவேசம் எடுத்து மறுபடி அடுக்கிவைத்தார்.

பலவேசத்தின் போன் அடித்தது. மாரிச்செல்வி. “நம்பர் அனுப்பச் சொல்லி அமுக்கிட்டேங்க. அத்தானுக்கு வந்திருக்கும். சீக்கிரம் சொல்லுங்க.”

பெருமாள் பாலிதீன் பைக்குள் கைவிட்டுத் தன் போனை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். “எங் கண்ணாடி ஒங்க மதினி பையில இருக்கு. நீயே பாத்துக்க.”

மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. பலவேசம் எழுந்து அண்ணனின் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்தி வந்தபோது அதிலுள்ள நான்கு எண்களும் அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தன. சாரல்தான். துடைத்துவிட்டு வாசித்தார். மாரிச்செல்வி அடித்தாள்.

“‘சரிபார்க்க முடியவில்லை’ன்னு வருதுங்க.”

பெருமாள் தம்பி கையிலிருந்து, மாரிச்செல்வி லைனில் இருந்த போனை வாங்கினார். “செல்வி, நாந்தான் பேசுதேன். இன்னொரு தடவ அடிம்மா. எந் தம்பி வீடுதான், தைரியமா அடி.”

“அத்தான்” என்றாள். அடிக்கும் சத்தம் மட்டும் நான்கு தடவை கேட்டது. பிறகு, “அதேதான் சொல்லுது அத்தான்” என்றாள்.

இதில் அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்களுடைய கணினி உலகத் தரமானது, அனுதாபத்துக்கு மயங்காதது. அந்த வீட்டில் யார் எதைப் பார்த்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள், யாரை நான்கு மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்கிற கணக்கு முழுவதையும் ஒரு வரி விடாமல் பார்த்துவிட்டுத்தான் அது அப்படிச் சொல்லியிருக்கும்.