பட்டனை மறைத்தவர்

"உயிரை வேணும்னாலும் கேளு, தர்றேன். இந்த ரூமை மட்டும் கேட்காத!"

சைட்டுக்காரர் இப்படி முழங்கியபோது இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டால் மனைவி அளவு நாடாவோடு உள்ளே வந்துவிடுவாள்.

கம்பெனிகளுக்கு வலைத்தளம் வடிவமைத்துத் தருவது அவர் தொழில். அதனால்தான் குடியிருப்பில் அந்தப் பேர். புதிதாகக் குடிவருகிறவர்கள் மட்டும் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நாள் அவரைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்துவார்கள்.

மனைவி திரைச்சீலை தைப்பவள். மெஷின் சமையலறையில், துணிச் சுருள் கட்டிலுக்கு அடியில், வெட்டுவது சாப்பாட்டு மேசையில். பெரிய ஜன்னலும் நல்ல வெளிச்சமும் உள்ள அறையில் இவரும் ஒரு லேப்டாப்பும்.

"லேப்டாப்பை மடியில வெச்சுக்கலாம். நாலு மீட்டர் துணியை மடியில வெச்சு வெட்ட முடியுமா?"

"நான் யோசிக்கிற ஆளு. யோசிக்க இடம் வேணும்."

"யோசனை தலைக்குள்ளதானே நடக்குது? அதுக்கு எதுக்குங்க ஜன்னல்?"

பதில் இல்லாத ஆண்பிள்ளை செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்தார். பந்தயம் கட்டினார்.

"உன் தொழிலுக்கு நானே ஒரு சைட் பண்ணித் தர்றேன். முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அது மூலமா பத்து ஆர்டர் வந்தா ரூம் உனக்கு. வரலைன்னா ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"எழுதிக் குடுங்க."

எழுதி, கையெழுத்தும் போட்டார். கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு வேறு.

வலைத்தளம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்க வேண்டும். பாடமே நடத்துவார். உள்ளே வருகிறவனுக்கு மூன்று நொடியில் விஷயம் புரிய வேண்டும். வாங்கும் பட்டன் கண்ணில் வந்து குத்த வேண்டும். ஒரு கேள்வி கூடினால் ஒரு வாடிக்கையாளர் குறைவார். இத்தனையும் தெரிந்த மனுஷர், இத்தனையையும் தலைகீழாகச் செய்தார்.

பக்கம் திறப்பதற்கு முன் ஒரு கத்தரிக்கோல் படம் நாற்பது நொடி சுற்றியது. படங்கள் மூடுபனியில் எடுத்தவை மாதிரி இருந்தன. ஆர்டர் பட்டனைச் சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிறத்தில், அடியிலும் அடியில் ஒளித்தார். அதை எப்படியோ கண்டுபிடித்து அழுத்துகிற வீரனுக்குப் பத்தொன்பது கேள்விகள். பதினேழாவது, பிறந்த நேரம்.

வழக்கமாகத் தான் செய்யும் தளத்தின் கடைசி வரியில் 'வடிவமைப்பு' என்று தன் பேரைப் போடுவார். இதில் போடவில்லை. திருடன் வாசலில் விலாசம் எழுதி வைத்துவிட்டா போவான்?

"பட்டனே காணோமேங்க?" என்றாள் மனைவி.

"அதான் இப்போ ஃபேஷன். தேடிக் கண்டுபிடிச்சாதான் மதிப்பு."

"உங்க சட்டைக்கெல்லாம் நான்தான் பட்டன் தைக்கிறேன். எங்க இருந்தா கைக்கு எட்டும்னு எனக்குத் தெரியாதா?"

"அது சட்டை. இது டெக்னாலஜி."

"சரி, பாஸ்வேர்டையாவது குடுங்க. என் போன் நம்பர்ல ஒண்ணு தப்பா இருக்கு, நானே மாத்திக்கிறேன்."

கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவருக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

தேதி பதினெட்டானது. ஆர்டர் பூஜ்யம். சைட்டுக்காரர் சீட்டியடித்துக்கொண்டே ஷேவ் செய்தார். அன்று காலை பத்து மணிக்குப் போன் வந்தது. எதிர் பிளாக்கில் இருக்கும் பல் டாக்டரம்மா. தன் கிளினிக்குக்குத் தளம் செய்யும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தவர்.

"உங்க வேலையைப் பார்த்தேன் சார். அந்தக் கத்தரிக்கோல் சுத்தி முடியறதுக்குள்ள ரெண்டு பல்லு புடுங்கிட்டேன். என் கிளினிக்குக்கும் இப்படித்தான் வருமா?"

சைட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். நாற்பது நொடி தன் கத்தரிக்கோலைத் தானே சபித்தார். பக்கம் திறந்தது. உச்சியில் அவருடைய புகைப்படம். கல்யாணத்தில் எடுத்தது, மாலையோடு. கீழே அவருடைய போன் நம்பர். பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'இந்தத் தளம் முழுக்க முழுக்க என் கணவரின் கைவண்ணம். அவர் திறமையின் உச்சம்!'

"என்ன காரியம் பண்ணியிருக்க! எடு அதை!"

"ஏங்க, பெருமையா இருந்துச்சு, போட்டேன். வேணாம்னா நீங்களே எடுத்துக்குங்க. ஆனா குடியிருப்பு முழுக்க அனுப்பிட்டேனே. உங்க கஸ்டமருங்க நம்பரும் மேசை மேல இருக்கிற டைரியில இருந்துச்சா... அவங்களுக்கும் அனுப்பிட்டேன்."

வரியை எடுத்து என்ன பயன்? பார்த்தவன் பார்த்துவிட்டான். இருபது வருஷம் சேர்த்த பேர், ஒரு கத்தரிக்கோலில் நறுக்கென்று போய்விடும். மானம் போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது.

"நல்லாக்கிடறேன். ஆனா சொல்லிட்டேன், பன்னிரண்டு நாள்ல பத்து ஆர்டர் யார் வந்தாலும் நடக்காது. ரூம் என்னுது. என்னுதேதான்!"

"ஆகட்டுங்க."

உட்கார்ந்தார். கத்தரிக்கோலை ஒழித்தார். வெளிச்சமான படங்கள் போட்டார். 'உங்கள் ஜன்னலின் அளவைச் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று தலைப்பு வைத்தார். கேள்விகள் நான்கே நான்கு. பட்டன் ஆரஞ்சு நிறத்தில், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில். அரைகுறையாகச் செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தார். கை கேட்கவில்லை. கடைசியில் எல்லாம் ஓடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. அந்த நிமிஷம் அவருக்குத் தன் தொழில்மேல் இருந்த காதலில் ரூமே மறந்துபோனது.

மறுநாளே ஆர்டர் வந்தது. பல் டாக்டரம்மாவே இரண்டு போட்டார். நாலானது, ஏழானது. சைட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி ஒன்பது. முப்பதாம் தேதி காலையிலிருந்து அவர் கடிகாரத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஆறு அடித்தது. ஒன்பதுதான்!

"பார்த்தியா!" நாற்காலியை விட்டு ஓர் அடி எம்பினார். "தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் ஒன்பதுக்கு மேல போகலையே! இனிமே இந்த வாசப்படியில ஒரு நூல்கூட நுழையக் கூடாது!"

மனைவி உள்ளே போனாள். மடித்த திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். இளநீலம். மேலே ஒரு சீட்டு.

"இது யாரோடது?"

"பத்தாவது ஆர்டர். பன்னிரண்டு நாளைக்கு முன்னாடி, முதல் முதல்ல வந்தது. பேரு 'சோதனை'ன்னு இருக்கு. போன் நம்பர் உங்களோடது. விலாசம் நம்ம வீடு."

"அது டெஸ்ட்டுடி! பட்டன் வேலை செய்யுதான்னு பார்க்க நான் போட்டது! எதிர்ல இருந்த ஜன்னலை அளந்து போட்டேன். செல்லாது!"

"சைட் மூலமா வர்ற ஆர்டர்னுதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. டெஸ்ட்டு சேராதுன்னு எழுதலையே? அதுவும் போக, பட்டனை அழுத்தினதும் என்ன வந்துச்சு? நீங்க எழுதினதுதான். 'நன்றி. உங்கள் ஆர்டர் உறுதியாகிவிட்டது. இனி ரத்து செய்ய இயலாது.'"

சைட்டுக்காரர் துணியைத் தடவிப் பார்த்தார். தையல், சண்டாளி, அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"அளவு சரியா இருக்கான்னு மாட்டிப் பார்க்கணும்" என்றாள் மனைவி. "ஜன்னல்கிட்ட உங்க மேசை நிக்குது. கொஞ்சம் நகர்த்துங்க."

அவர் எழுந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"எதுவரைக்கும்?"

"கூடம் வரைக்கும்."