ஏழரை மணிக்கே கிளம்பியது பற்றி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உங்கள் வீட்டிலேயே நலமாக இருக்கிறோம். நீங்களும் நலமாக இருப்பதை இன்று காலை நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது நேரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி நேரில் பேச நேற்று மூன்று முறை முயன்றேன். முதல் முறை தொண்டையைக் கனைத்தேன், நீங்கள் எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்தீர்கள். இரண்டாம் முறை கனைத்தேன், ஜன்னலைச் சாத்தினீர்கள். மூன்றாம் முறை என் பெண் பாப்பா தன் மருந்துக் கடையிலிருந்து இருமல் மருந்தே வாங்கி வந்துவிட்டாள். அதைக் குடித்துவிட்டுத்தான் உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாலையில் நீங்கள் திரும்பி வந்ததும் உங்கள் லிஃப்ட் ரிப்பேர் பையில், திருப்புளிகளுக்குப் பக்கத்தில் வைப்பதாக உத்தேசம். ஏதாவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருக்கும்போது சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. நாங்கள் கிளம்ப வேண்டிய விமானம் ஞாயிறு பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு. பத்து நாள் முன்பே நீங்கள் உங்கள் ஷிஃப்ட்டை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு, பாப்பா பத்து மணிக்கெல்லாம் கடையிலிருந்து வந்துவிடுவாள், நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு உங்கள் காரிலேயே கிளம்பலாம் என்று சொன்னீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். தினம் நூற்று நாற்பது பஸ்களை நிமிஷம் பிசகாமல் வெளியே அனுப்பியவன் இரண்டு பெட்டியையும் ஒரு மனைவியையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டானா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. டிராமில் ஏறி, பெரிய ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து விமான நிலைய ரயில். ஐம்பத்தெட்டு நிமிஷம். இதை நான் சும்மா சொல்லவில்லை, இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபிறகு, பூங்காவில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விமான நிலையம்வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது முறை நிஜம்போல இருக்கட்டும் என்று காலிப் பெட்டி ஒன்றையும் உருட்டிக்கொண்டு போனேன். வாசலில் காவலர் ஒருவர் நிறுத்தி எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்டார். எந்த ஊருக்கும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே என் கையெழுத்தில் இரண்டு கலர் மையில் எழுதிய கால அட்டவணை மட்டும் இருந்தது. அதை அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போவார்களா என்று மிகவும் அன்பாக விசாரித்தார். இதை உங்களிடம் மறைத்தது என் முதல் குற்றம்.

இரண்டாவது குற்றம், ஒத்திகை இரண்டும் வியாழக்கிழமைகளில் நடந்தன. பயணமோ ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி அட்டவணை உண்டு என்பது ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த அட்டவணையை முப்பத்தோரு வருஷம் எழுதி டிப்போ சுவரில் ஒட்டிய எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அன்று ஏழேகாலுக்கு நீங்கள் ஏதோ வேலை என்று கீழே இறங்கினீர்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் நான் உங்கள் அத்தையைக் கிளப்பினேன். பதினொரு மணிக்குத்தானே என்றாள். வழியில் எதுவும் நடக்கலாம் என்றேன். பாப்பா வரட்டும் என்றாள். போனில் சொல்லிக்கலாம் என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மேசைமேல் நான் எழுதி வைத்த சீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘நாங்கள் கிளம்புகிறோம், யாருக்கும் சிரமம் வேண்டாம்.’ வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக எழுதுவான். நீங்கள் கீழே போனது காரின் பின் சீட்டைச் சுத்தம் செய்து, அத்தையின் முழங்கால் நீட்ட வசதியாக முன் சீட்டைத் தள்ளிவைக்கத்தான் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் அந்த வேலையில் குனிந்திருந்தபோது நாங்கள் பின்பக்க லிஃப்டில், நீங்களே எண்ணெய் போட்டுச் சத்தமில்லாமல் ஆக்கிவைத்திருக்கும் லிஃப்டில், இறங்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

பிறகு நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். டிராம் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வரும் என்று நான் எழுதியிருந்தேன், அது அரைமணிக்கு ஒன்றாக வந்தது, முதல் டிராமில் ஒரு சைக்கிள் பந்தயக் கூட்டமே சைக்கிளோடு ஏறிவிட்டதால் எங்களுக்கு இடமில்லை, இரண்டாவதில் ஏறிப் பெரிய ஸ்டேஷனில் இறங்கிப் பயண அட்டையைத் தேய்த்ததும் நுழைவுக் கதவு திறந்தது, முதலில் பெட்டிகள் போகட்டும் என்று அவற்றைத் தள்ளிவிட்டேன், கதவு சாத்திக்கொண்டது, பெட்டிகள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மறுபடி தேய்த்தால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டீர்கள் என்று சிவப்பு விளக்கு எரிகிறது. இல்லை, பெட்டிதான் போயிருக்கிறது என்று யாரிடம் சொல்வது. ஒரு பச்சைச் சட்டைக்கார அம்மா சாவியோடு வந்து திறந்துவிடுவதற்குள் இருபது நிமிஷம். அங்கே பெரிய அறிவிப்புப் பலகை. சட்டைப்பையில் கைவிட்டேன், கண்ணாடி இல்லை. அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று முதல்நாளே பெட்டிக்குள் அடியில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரமும் மாறியிருக்குமோ என்று பயந்து, விமான நிலைய ரயில் எந்தப் பிளாட்பாரம் பாரு என்று உங்கள் அத்தையிடம் கேட்டேன். நாலு என்றாள். நாலில் ஒரு ரயில் கிளம்பத் தயாராக நின்றது, ஓடிப்போய் ஏறினோம்.

அந்த ரயில் இரண்டு மணி நேரம் எங்கேயும் நிற்கவில்லை. அரைமணியில் வயல்கள் வந்தன. விமான நிலையம் ஊருக்கு வெளியேதானே இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் மாடுகள் வந்தன. டிக்கெட் பரிசோதகர் வந்து எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு காகிதத்தில் விமானம் வரைந்தார். அதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு ரயில் வரைந்தார். நடுவில் எங்கள் இருவரையும் வரைந்தார், என் தலையில் முடியே போடவில்லை. உங்கள் அத்தை பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவம், அந்நிய எழுத்து, அவள் தப்பாகப் படித்ததற்கு அவள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. கண்ணாடியைப் பெட்டியில் வைத்தவன் நான்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கியபோது மணி பதினொன்று. ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், சைக்கிள் நிறுத்துமிடம், மனித வாடையே இல்லை. திரும்பும் ரயில் பன்னிரண்டு நாற்பதுக்கு. அப்போதுதான், ஏழரையிலிருந்து அணைத்து வைத்திருந்த போனை எடுத்தேன். உங்கள் அழைப்புகள் பதினேழு. பாப்பாவின் அழைப்புகள் பதினொன்று. நீங்கள் என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துபோயிருப்பீர்கள்.

“எங்க இருக்கீங்க மாமா? அத்தை ஏதாவது சாப்ட்டாங்களா? அங்கயே உக்காந்திருங்க, நான் வரேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காலை எட்டரை மணிக்கே எங்களைத் தேடி விமான நிலையம் வந்து சுற்றிக்கொண்டிருந்த நீங்கள், அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள், பெட்டிகளைத் தூக்கிவைத்தீர்கள், முன் சீட்டின் கதவைத் திறந்து அத்தையை உட்காரவைத்தீர்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுபடி விமான நிலையம் வந்து சேர்ந்தபோது மூன்று பத்து. விமானம் சரியாக இரண்டு ஐம்பதுக்குக் கிளம்பிப் போயிருந்தது. அதன் டைம் கீப்பரை நான் மெச்சுகிறேன். அங்கே, புறப்பாடு வாசலுக்கு எதிரே, மருந்துக் கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், நாலு மணி நேரமாகப் பாப்பா உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து என் சீட்டைப் படித்துவிட்டு, அதே டிராம், அதே ரயில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அட்டவணையிலேயே, ஐம்பத்தைந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்திருக்கிறாள். ஒத்திகை இல்லாமல். மடியில் எங்களுக்காகக் கட்டி எடுத்துவந்த சாப்பாட்டு டப்பா. விமானத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“சொல்லிட்டுப் போகணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையாப்பா?” என்றாள்.

மாப்பிள்ளை, நான் அவள் மடியிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன். எட்டு வருஷம் முன்னால் அவள் முதல்முதலாக இந்த ஊருக்குக் கிளம்பியபோதும் இப்படித்தான் செய்தேன். விமான நிலையம்வரை வந்துவிட்டு, டிப்போவுக்கு நேரமாச்சு என்று சொல்லி, அவள் உள்ளே போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நழுவிவிட்டேன். அப்பாவுக்கு நான் வெளிநாடு போறது பிடிக்கலை, கோபம், என்று அவள் உங்களிடமும் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு விடுமுறை. டிப்போவுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. பார்சல் கவுண்டருக்குப் பின்னால் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அவள் வரிசையில் நகர்ந்து நகர்ந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாலு முறை திரும்பிப் பார்த்தாள். அவள் தேடியது என்னைத்தான் என்று எனக்குத் தெரியும். பஸ் கிளம்பும்போது நான் விசில் ஊதுவேன், பஸ் போகும், அடுத்த பஸ் வரும். என் வேலையில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழுததில்லை. அவள் முகத்துக்கு நேரே நின்று போய்வருகிறேன் என்று சொன்னால் நான் குழந்தைபோல அழுதுவிடுவேன், உங்கள் முன்னால் அது நடக்கக் கூடாது என்ற ஒரே பயத்தில்தான், அவள் வரும் பத்து மணிக்கு முன்னால் ஓடிவிடப் பார்த்தேன். வீம்பு என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பாதி உண்மை. மீதி இதுதான். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அத்தைக்கும் நான் பெரிய பாவம் செய்தேன். பெற்ற பெண்ணைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவிடாமல் ஊர் பேர் தெரியாத ரயிலில் இழுத்துக்கொண்டு போனேன். ரயில் ஏறியபிறகு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த மௌனம்தான் மூன்று நாளாக என்னைக் குடைகிறது.

நீங்கள் போனில் நாற்பது நிமிஷம் நின்றபடியே பேசி எங்களுக்குச் சனிக்கிழமை விமானத்தில் இடம் வாங்கிவிட்டீர்கள். அன்று நீங்கள் சொல்லும் நேரத்துக்கு, நீங்கள் சொல்லும் சீட்டில், மூக்கில் கண்ணாடியோடு உட்காருவேன். வாசலில் பாப்பா எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். அழுதால் நீங்கள் மட்டும் தயவுசெய்து வெந்நீர் கொண்டுவர வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். நீங்கள் ஏறும் லிஃப்டும் இறங்கும் லிஃப்டும் நடுவில் நிற்காதிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தவறு உணர்ந்த உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் உங்கள் அத்தை வந்து வாங்கிப் படித்தாள். பிளாட்பாரம் பற்றி எழுதிய இடத்தில் விரலை வைத்து, “இது தப்பு. பலகையில ஆறுன்னுதான் போட்டிருந்துச்சு, பக்கத்துல விமானப் படம்கூட இருந்துச்சு” என்றாள். பிறகு ஏன் நாலு என்றாய் என்று கேட்டேன். “நாலுல நின்ன வண்டி எங்க போகும்னு எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்டுக்குப் போகாதுன்னு மட்டும் தெரியும். பாப்பாவைப் பாக்காம எப்படிங்க கிளம்பறது” என்றாள். ஆகவே மேலே அவளுக்காக நான் பட்ட வருத்தம் அனைத்தையும் தயவுசெய்து அடித்துவிடவும். சனிக்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவைத்தேன். “சனிக்கிழமை மாப்பிள்ளைதான ஓட்டறாரு. அவர் என்கிட்ட வழி கேக்க மாட்டாரே” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது ஏமாற்றம் என்றே எனக்குப் பட்டது.