ஒரே கேபிள், மூன்று டுரியான்

பினாங்குத் தீவில் வயர்களை இவ்வளவு வெறுத்த மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. அவர் நடந்து வந்தால் ஜார்ஜ்டவுன் மின்கம்பங்கள்கூடத் தங்கள் கம்பிகளை மடியில் ஒளித்துக்கொள்ளும். எங்கள் சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிப் பொறுப்பு அவருக்குத்தான். தகுதி: ஒருமுறை பிரிண்டரை ஓங்கித் தட்டி ஓடவைத்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவர் ‘ஒத்த கேபிள்’.

எல்லாம் ஒன்றில் அடங்கிவிட வேண்டும் அவருக்கு. நாசி கண்டார் சோற்றுக்கடையில் அத்தனை குழம்புகளையும் ஒன்றாக ஊற்றச் சொல்வார். சோறு மூழ்கி, கப்பல் கவிழ்ந்து தத்தளிப்பவன் கை மாதிரி கோழிக்கால் மட்டும் மேலே தெரியும். கழுத்தில், டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் தொங்குவதுபோல, ஒரு கேபிள். அறிவில்லாதவர் என்று சொல்லமாட்டேன். அறிவு இருந்தது; அதுவும் ஒரே வழியில்தான் போகும்.

எங்களில் மூத்தவர் சாரதா அக்கா. பதிவுப் படிவம், பில், சுங்கத் தாள் மூன்றையும் ஒப்பிட்டுக் கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. தாள்கள் எல்லாம் லேப்டாப்புக்குள் போன பிறகு, உள்ளங்கை அகலத் திரையில் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, மங்கும் கண்ணோடு தவித்தார். ஒருநாள் இரண்டு இலக்கம் இடம் மாறியது. சிரம்பான் போகவேண்டிய அலுமினியச் சட்டிகள் கடல் தாண்டிக் கூச்சிங்கில் இறங்கின.

“இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மாக் மண்டின் ஸ்டோருக்குப் போயிருங்கக்கா,” என்றார் முதலாளி.

மாக் மண்டின் அக்கரையில். பகல் ஒரு மணிக்கு ஜெலுத்தோங் பிளாட்டுக்கு ஓடி, பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவருக்குச் சோறு ஊட்டிவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறவர் அக்கா. நடுவில் கடல் வந்தால் அந்தச் சோறு எப்படிப் போகும்?

ஒத்த கேபிள் எழுந்தார். “பாஸ், அக்காவுக்குப் பெரிய ஸ்கிரீன் ரெண்டு குடுங்க. லேப்டாப்போட மூணு. மூணு பேப்பரும் ஒரே நேரத்துல தெரியும். எல்லாத்துக்கும் ஒரே கேபிள்தான் லா.”

முதலாளிக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் பிடித்தது. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வாடிக்கையாளர் கண்ணில் படுவது அக்காவின் மேசைதான். “ஒரே கேபிள்னா செய்ங்க. வயர் பாம்பு மாதிரி தொங்குச்சு, எல்லாத்தையும் கழட்டிருவேன். திங்கக்கெழம வந்து பாக்குறேன்.”

செவ்வாயன்று ஒத்த கேபிள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள். பெட்டியின் முதுகில் இரண்டு திரைகளையும் செருகினார். விசையைத் தட்டினார். மூன்று திரைகளும் ஒளிர்ந்தன. மூன்றிலும் அவரே, பாலிக் புலாவ் தோட்டத்தில் டுரியான் பழத்தைக் குழந்தையாய் ஏந்தியபடி. சுட்டியை நகர்த்தினால் மூன்று அம்புகளும் ஒன்றாக நகர்ந்தன.

“என்ன அண்ணே, பழம் மூணா?” என்றேன்.

“படம் வருதுல்ல? பாதி வேல முடிஞ்சுது தம்பி.”

வியாழக்கிழமை, குறை பெட்டிக் கேபிளில் என்று முடிவுகட்டி, கழுத்திலிருந்ததைக் கழற்றிச் செருகினார். டுரியானும் போயிற்று. திரைகள் மழைக்கு முந்தைய கடல் மாதிரி இருண்டு கிடந்தன.

“சார்ஜ் ஏறுது பாருங்க!”

“அக்கா வேல எறங்குது, நீங்க பேட்டரிய ஏத்துறீங்க.”

நான்கு வருடமாக மாலையாகச் சுமந்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற சாதி. படம் கடத்த அதற்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு அவர் நாசி கண்டாரில் ஒரே ஒரு குழம்புதான் ஊற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை உண்மை புலப்பட்டது. குறை கேபிளில் இல்லை. அந்த லேப்டாப் ஒரு வாய் வழியாக ஒரே படத்தைத்தான் வெளியே அனுப்பும்.

“பக்கத்துல இன்னொரு ஓட்ட சும்மாதான இருக்கு. ரெண்டு கேபிள் போட்டுத் தொலைங்கண்ணே.”

“கல்யாணம் ஆனவன்கிட்ட பேசுற பேச்சா தம்பி இது?”

சிரித்தோம். அப்போதுதான் பார்த்தேன்: சாரதா அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். குடை, மருந்து அட்டை, சோற்றுக் கிண்ணம், ஒவ்வொன்றாகப் பாசார் பைக்குள் இறங்கின. ஒத்த கேபிளும் பார்த்தார்.

திங்கட்கிழமை அக்காவின் லேப்டாப்பின் பக்கவாட்டை ஒட்டி ஒரு பிஸ்கட் டின் முளைத்திருந்தது. ‘சூடு, திறக்காதீர்’ என்று அதன்மேல் எழுத்து. டின்னிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரே ஒரு கறுப்புக் கேபிள் கிளம்பி, திரைகளுக்குப் பின்னால் மறைந்தது. மூன்று திரைகளில் மூன்று தாள்கள். முதலாளி குனிந்து பார்த்தார்.

“ஒரே கேபிளா?”

“ஒரே கேபிள் பாஸ்.”

அக்கா நாற்பது எண்களைச் சரிபார்த்தார், ஒன்றும் பிசகவில்லை. பகல் ஒரு மணிக்கு வழக்கம்போல ஜெலுத்தோங்குக்கு ஓடினார்.

அதன்பிறகு ஒரு வருடம் எங்கள் காதுகள் பட்ட பாடு! கூரியர்காரர், தண்ணீர்ப் புட்டி போடுகிறவர், கழிவறையை விசாரித்து வந்தவர், எல்லோரையும் நிறுத்தி ஒத்த கேபிள் அந்தக் கேபிளைத் தரிசனம் செய்யவைத்தார். பிறகு சிம்பாங் அம்பாட் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். காதுக்கு விடுதலை.

போன மாதம் அக்காவின் மேசையைத் துடைக்கும்போது டின் மூடி என் கையோடு வந்துவிட்டது. உள்ளே இரண்டு முனைகள். லேப்டாப்பின் இரண்டு ஓட்டைகளில் இரண்டு கேபிள்கள். அவற்றைச் சேர்த்து, ஒரு சுருக்கம் விழாமல், முழ நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“அக்கா! இது ரெண்டு...”

“மெதுவாப் பேசுங்க தம்பி, பாஸ் உள்ள இருக்காரு.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அக்கா. “மூடிய மூடுங்க.”

மூடினேன்.

நேற்று ஒத்த கேபிளே போன் செய்தார். “தம்பி, அக்கா டேபிள் எப்படி ஓடுது?”

“ஒரே கேபிள்தானண்ணே,” என்றேன். “வர்றவங்க யாரும் நம்பவே மாட்டேங்குறாங்க.”