பாட்டுக்குப் பின் பதினான்கு விநாடி

ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஐம்பத்திரண்டு வயதில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்ட புருஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மச்சான் கல்யாணத்தில் என் மனைவி பாடினாள். வீடியோ எடுத்தது நான். பாட்டு முடிந்ததும் கேமராவை மேஜைமேல் வைத்தவன், அணைக்க மறந்துவிட்டேன். பக்கத்தில் சகலை. அவரிடம் நான் சொன்னது அட்சரம் பிசகாமல் பதிவாகியிருந்தது.

"காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்தேன் சகல. அதையும் மீறி உள்ள வந்துடுச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அவளிடம் சொன்னதோ வேறு. "உன் பாட்டைக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு." அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு மாதமாக வீட்டில் ராஜ மரியாதை.

இன்று நாலு மணிக்கு மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வீடியோ பார்க்க வருகிறார்கள். "நீங்களே எடிட் பண்ணிடுங்க" என்று காலையில் என்னிடமே பொறுப்பைக் கொடுத்தாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

மென்பொருள் சினிமாக்காரர்கள் பயன்படுத்துவது. திறந்ததும் எந்தப் பொத்தானைத் தொட்டால் எது வெடிக்கும் என்று பயமாக இருந்தது. இணையத்தில் ஒருவர் பாடம் நடத்தினார். முதல் பாடம் வெறும் அரிச்சுவடி. அதைச் சத்தமாக ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தபோது இரண்டாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்பக்கம் இழுத்தால் ட்ரிம், அதாவது வெட்டு. இழுத்தேன். பாட்டின் கடைசி வரியும் சேர்ந்து போனது. பழையபடி ஆக்கி, மறுபடி இழுத்தேன். பிடித்தது வேறு முனை, பல்லவி காலி. மணி மூன்று.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"இப்பத்தான் பாட்டுகிட்ட வந்திருக்கேன்."

"பாட்டுல கை வெச்சுடாதீங்க."

"சேச்சே. ஓரத்துல கொஞ்சம் பிசிறு."

"என்ன பிசிறு?"

"சும்மா, மேஜை, நாற்காலி."

நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். ஹெட்ஃபோனில் என் குரல் 'பஞ்சு' என்றது. வெளியே கேட்டுவிடுமோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

மூன்றே முக்காலுக்கு வெட்டு கச்சிதமாக விழுந்தது. பாட்டு முடிகிறது, அடுத்த நொடி மச்சானும் பெண்ணும் சிரிக்கிறார்கள். பெருமை தாங்காமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கைத்தட்டல் எங்கங்க?"

"அது சரியா பதிவாகலை."

"ஆகியிருக்கும். கொஞ்சம் தள்ளுங்க."

மவுஸை வாங்கினாள். கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தாள். கைத்தட்டல் வந்தது. பின்னாலேயே மேஜை வந்தது. சகலை வந்தார். பஞ்சும் வந்தது.

"அதைத்தான் அழிச்சுட்டேனே" என்று உளறினேன்.

"ட்ரிம் பண்ணினா எதுவும் அழியாதுங்க. மறைஞ்சுதான் இருக்கும். ஓரத்தை இழுத்தா திரும்பி வந்துடும். முதல் பாடத்துலயே சொன்னாரு. நீங்க குளிச்சுட்டு இருந்தீங்க."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்கு அந்தக் கேமராவை அணைச்சது யாருன்னு நினைச்சீங்க? அப்பவே போட்டுப் பாத்துட்டேன். நீங்களா சொல்வீங்கனு ஒரு மாசம் பொறுத்தேன். சொல்றீங்களா, வெட்டறீங்களானு பாக்கத்தான் உங்ககிட்டயே குடுத்தேன்."

வாசல் மணி அடித்தது.

"இதை எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறியா?"

"புருஷன் மானத்தை வாங்குவேனா? வீடியோவே வேணாம். நேர்லயே பாடறேன். ஏழு பாட்டு. நீங்க முதல் நாற்காலி."

இப்போது நாலாவது பாட்டு நடக்கிறது. சகலை விவரமானவர், பஞ்சோடு வந்திருக்கிறார். என் காதுக்கு நேராகத்தான் கேமராவை ஓடவிட்டிருக்கிறாள்.