கூட்டுச் சாப்பாட்டை விலைக்கு வாங்கிய கொடைவள்ளல்

மெல்பர்ன் மாநகரின் கிளென் வேவர்லியில், மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் ஹாலில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் மேஜையில் வைத்து எல்லோரும் சாப்பிட வேண்டும். விதி அவ்வளவுதான். முதலாளி கிடையாது, கட்டணம் கிடையாது, லாபம் கிடையாது. இப்படி ஒரு காரியம் பல வருஷமாக நடந்துவந்தது நிதித்துறைக்கே பெரிய அவமானம் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அந்தச் சாப்பாட்டை நம்பி இருந்தவர் என்றால் அது குணவதி அன்ரிதான். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பெர்த்தில். மாதம் முழுக்கத் தனியாகச் சாப்பிடுகிற மனுஷி, அந்த ஞாயிறு மட்டும் ஒரு பெரிய சட்டி கத்தரிக்காய்ப் பால்கறியோடு வந்து இறங்குவார். "வடிவாச் சாப்பிடுங்கோ பிள்ளையள்!" என்று நாற்பது குடும்பத்தையும் அதட்டிவிட்டு, நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு தானும் சாப்பிடுவார். "ஒரு ஆளுக்குச் சமைக்கிறதும் ஒரு சமையலே?" என்பார்.

இந்த நிலையில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் விவேக், சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, சிட்னியிலிருந்து கிருபானந்தனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்.

கிருபானந்தன் வேலூரில் பிறந்து சிட்னியில் செழித்த கொடைவள்ளல். தொழில் பிரைவேட் ஈக்விட்டி. அதாவது ஊரார் பணத்தில் ஊரார் கடையை வாங்கி, வாங்கின கடனை அந்தக் கடையின் தலையிலேயே கட்டிவிட்டு வெளியே வருவது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலைதான். என்ன, இங்கே உடைத்த தேங்காயும் இவருக்கே வந்துவிடும்.

மாணவராகச் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் தங்கியிருந்தபோதே மேதைமை தெரிந்துவிட்டது. அறைத் தோழனின் மெத்தையை விலைக்கு வாங்கி, அவனுக்கே வாடகைக்கு விட்டார். மெத்தை வாங்கிய பணம் அந்தத் தோழனிடமே வாங்கிய கைமாற்று. பிறகு ஒரு பிஸ்கட் கம்பெனியை வாங்கினார். முதலில் பாக்கெட்டில் பிஸ்கட் குறைந்தது, அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள், கடைசியில் கம்பெனியே குறைந்துவிட்டது. வேலை போனவர்களுக்காக மனம் உருகி ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் இலவசமாகக் கொடுத்தார். அதற்காக அவருக்கு மெடல் குத்தினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த மெடல் அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் ஹாலில் மூன்று தடவை தட்டை நிரப்பிச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். பிறகு கேட்டார்.

"விவேக், இந்தச் சாப்பாட்டுக்கு ஓனர் யாரு?"

"அப்படி யாரும் இல்லைங்க சார். எல்லாரும்தான்."

"ஐயோ பாவம்!" அவர் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ பெரிய சொத்து இங்க தூங்கிட்டிருக்கு! நானே வாங்கிக்கறேன்."

"சாப்பாட்டை எப்படி சார் வாங்குவீங்க?"

"லோன் போட்டு."

"அந்த லோனை யார் சார் கட்டுவா?"

"சாப்பாடு கட்டும்."

நாங்கள் கைதட்டினோம். புரியாத பேச்சுக்குப் பலமாகத் தட்டுவதுதானே நம் பண்பாடு! கிருபானந்தன் விவேக்குக்குத் 'தலைமைச் செயல் அதிகாரி, மதிய உணவு' என்று ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். அதைப் பார்த்த கையோடு விவேக் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் மாதம் எங்கள் அண்டா, கரண்டி, மேஜை எல்லாம் விற்கப்பட்டு, எங்களுக்கே வாடகைக்கு வந்தன. வாசலில் கட்டணம் வசூலித்தார்கள். பதார்த்தம் கொண்டுவருகிறவர் சப்ளையர் என்றும், சாப்பிடுகிறவர் கஸ்டமர் என்றும் பிரிக்கப்பட்டனர். "ரெண்டும் ஒரே ஆக்கள்தானே மோனை?" என்று அன்ரி கேட்டார். அது தற்செயலான ஒற்றுமை என்று விவேக் எழுத்துமூலம் பதில் அளித்தார்.

அடுத்த மாதம் சிட்னியிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து உளுந்து வடையை ஆராய்ந்தது. வடையில் ஓட்டை மட்டும்தான் செலவில்லாத பகுதி என்று கண்டுபிடித்து, ஓட்டை விரிவாக்கத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. வடை விரலில் மாட்டுகிற அளவுக்கு வந்தது. அதை வைத்து ஒரு நிச்சயதார்த்தத்தையே முடித்திருக்கலாம். ரசத்தை மருந்து மூடியில் அளந்து ஊற்றினார்கள்.

அன்ரிக்குத் தனியாக ஒரு உத்தரவு வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி இனிமேல் கம்பெனியின் சொத்து.

"அப்ப என்ர குசினியில நான் கத்தரிக்காய் வெட்டக் கூடாதோ?"

"வெட்டலாம் அன்ரி, அதுக்குத் தடை இல்லை," என்றார் விவேக். "வதக்கத்தான் கூடாது."

கடைசியில் நிபுணர்கள் ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார்கள். மதிய உணவுத் திட்டத்தில் பெரிய செலவே உணவுதானாம். ஆகவே உணவு நிறுத்தப்பட்டது. கட்டணம் மட்டும் தொடர்ந்தது.

எங்களுக்கு வந்ததே கோபம்! கிருபானந்தனை அதே ஹாலுக்கு வரவழைத்தோம். அன்ரிதான் முதலில் எழுந்தார்.

"தம்பி, எனக்கு மாசத்தில ஒரு நாள்தான் நாலு முகத்தைப் பார்த்துச் சாப்பிடுறது. அதை நிப்பாட்டச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"முதலீட்டாளர்கள் அன்ரி. லாபம் பத்தலைன்னு என்னைப் பிச்சு எடுக்கறாங்க."

"ஆர் அந்தப் பாவியள்?"

கிருபானந்தன் மிகுந்த மரியாதையோடு எங்களைக் காட்டினார். இந்த நாட்டில் சம்பளக்காரர் எல்லோருக்கும் ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு சூப்பர் கணக்கு உண்டு. எங்கள் சூப்பர் பணம் முழுவதும் கிடக்கிற நிதியம்தான் அவருக்குப் படியளக்கிறதாம்.

"அப்ப எங்கட காசில எங்கட சோத்தை வாங்கி, எங்களையே பட்டினி போட்டனீங்களோ?"

"ஆமா அன்ரி. நடுவுல என் கமிஷன் மட்டும்."

ஆனாலும் நல்ல மனுஷர். ஒரு வழியும் சொன்னார். "வருமானம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு எல்லாரும் சூப்பர் கணக்கை ஃபோன்ல மாத்திடுங்க. அடுத்த மாசமே பழைய சாப்பாடு. ரெண்டு நிமிஷ வேலை."

எல்லோரும் ஆவேசமாக ஃபோனை எடுத்தோம். கணக்கைத் திறந்தோம். அடேயப்பா! தொகை நன்றாக ஏறியிருந்தது. ஒருவர், நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இன்னொருவருக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. வடையில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று ஒருவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்ரி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடவித் தடவி மாற்றினார். ஒரு ஆள் மாற்றினால் போதாதாம்.

மறு வாரமே கிருபானந்தன் அறக்கட்டளை 'தனிமையில் வாடும் முதியோர் மதிய உணவுத் திட்டத்தை' அறிவித்தது. முதல் பயனாளி குணவதி அன்ரி. போட்டோகிராபர் சகிதம் கிருபானந்தனே அவர் வீட்டுக்குப் போய், பிளாஸ்டிக் பெட்டியில் கத்தரிக்காய்ப் பால்கறியை வழங்கினார்.

அன்ரி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கறி கிடக்கட்டும் தம்பி. என்னோட இருந்து சாப்பிட ஒரு ஆள் வருமோ?"

கொடைவள்ளல் ஆடிப்போய்விட்டார். மறுநாள் காலையே விளம்பரம் வந்தது: முதியவருடன் அமர்ந்து சாப்பிட ஆட்கள் தேவை, மணிக்கணக்கில் சம்பளம்.

சாயங்காலத்துக்குள் நாற்பது குடும்பமும் விண்ணப்பித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் உண்டா என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.