லிட்டருக்கு இருபத்து மூன்று

"பதினெட்டு புள்ளி நாலு," என்றார் சவரி.

பெட்ரோல் பங்க்கில் அவருக்குப் பின்னால் நின்ற மூன்று வண்டிகளும் ஹாரன் அடித்தன. அவர் கால்குலேட்டரை மூடவில்லை.

"மேரி, கேட்டியா? போன மாசம் லிட்டருக்கு இருவத்தொண்ணு கிலோமீட்டர். வாங்கறப்ப இருவத்துமூணு."

"கேட்டுச்சுங்க," என்றாள் முன் இருக்கையில் இருந்த லூர்து மேரி. "பின்னாடி ஹாரனும் கேக்குது."

சவரி பாலிடெக்னிக் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற வாரமே பெங்களூரிலிருந்து இந்தப் பழைய ஹைபிரிட் காரை வாங்கிவந்தார். ஞாயிறுதோறும் ஓசூரில் மகள் கேத்தரினைப் பார்த்துவர வண்டி வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். முப்பது பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லியே பழகிய வாய்க்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது என்பது சொல்லாத காரணம். பொருள் கிடைத்துவிட்டது. கேட்பதற்கு வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

அவர் விளக்கத்தில் குறை சொல்ல முடியாது. "ரெண்டு மாடு பூட்டுன வண்டி இது மேரி. ஒரு மாடு பெட்ரோல் குடிக்கும். இன்னொண்ணு கரண்ட் குடிக்கும். மெதுவாப் போறப்ப கரண்ட் மாடு இழுக்கும், மேட்டுல ரெண்டும் சேந்து இழுக்கும். பிரேக் புடிச்சா, மத்த வண்டியில அந்த வேகமெல்லாம் சூடாகி வீணாப் போயிரும். இதுல அது கரண்டாகி பேட்டரிக்குத் திரும்பி வரும்."

எட்டு மாதத்தில் லூர்து மேரி அந்தக் கார் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்.

"நின்னுட்டு இருக்கறப்பவும் ஏசி ஓடுமாங்க?"

சவரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாற்பது நிமிடம் விளக்கினார். அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பொத்தானை அழுத்தச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. சத்தமே இல்லாமல் குளிர்காற்று வந்தது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் தானாக எழுந்து அதை ஏற்றிவிட்டு மறுபடி தூங்கிவிடும் என்றார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது சாவியையும் அவளிடமே கொடுத்தார். அவள் அதை இருதயநாதர் படத்துக்குப் பின்னால் மாட்டிவைத்தாள்.

இப்போது பதினெட்டு புள்ளி நான்கு. வாழ்நாள் முழுக்க எது எப்படி ஓடுகிறது என்று சொல்லிப் பிழைத்தவருக்கு, தன் வண்டி ஏன் இப்படி ஓடுகிறது என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அப்புறம் அவர் யார்? பென்ஷன் வாங்கும் ஒரு கிழவர். அந்தப் பேருக்கு அவர் இன்னும் தயாராகவில்லை.

முதலில் டயர் காற்று. மூன்று கடையில் பார்த்தார், மூன்றிலும் சரியாக இருக்கிறது என்றார்கள். அடுத்து எடை. "சும்மா சுமக்கற ஒவ்வொரு கிலோவும் பெட்ரோல் திங்கும்," என்று ஜாக்கியையும் ஸ்டெப்னி டயரையும் எடுத்து வீட்டில் வைத்தார்.

அடுத்த வாரம் சேலத்தில் ஒரு கல்யாணம். தொப்பூர் இறக்கத்தில் டயர் பஞ்சர்.

பட்டுப்புடவையோடு சாலையோரம் நின்றாள் லூர்து மேரி. சவரிக்கு நேரம் வீணாகவில்லை.

"அந்த லாரியப் பாரு மேரி, பிரேக் புடிக்கிறான். எவ்ளோ சக்தி வீணாப் போவுது பாத்தியா?"

"நம்ம நேரமும்தாங்க."

"அப்படியில்ல, நேரம் வேற, சக்தி வேற. இப்ப பாரு..."

இரண்டரை மணி நேரம் பார்த்தாள். கல்யாணத்தில் பந்தி முடிந்திருந்தது.

மறுநாளிலிருந்து அவள் மூணு மணி ஜெபத்துக்கு இரண்டரைக்கே கிளம்பத் தொடங்கினாள். அந்த ஜெபமே அவர் ஓய்வு பெற்ற பிறகு அவள் பிடித்துக்கொண்ட பழக்கம். மதியச் சாப்பாடு முடிந்து அவர் தூங்க ஆரம்பித்ததும், முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலையோடு தெருவில் இறங்கிவிடுவாள்.

அடுத்த முறை டேங்க் நிரப்பியபோது பதினாறு.

மெக்கானிக் முருகேஷை வரச்சொல்லி, வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார். முருகேஷ் காலையில் வந்தவன் மதியம் வரை விளக்கம் கேட்டான். லூர்து மேரி நான்கு முறை டீ போட்டாள். ஐந்தாவது முறை போடும்போதுதான் அவன் கைக்கு வேலை வந்தது.

பின் இருக்கையின் ஓரத்தில், பேட்டரிக்குக் காற்று போகும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் ஒரு வடிகட்டி. அது அடைத்தால் பேட்டரி சூடாகும். சூடானால் கரண்ட் மாடு படுத்துவிடும். முருகேஷ் வடிகட்டியை உருவினான். நீள நீளமாகத் தலைமுடி, நடுவே காய்ந்த கனகாம்பரம் நாலைந்து.

"சார், பூ அவ்ளோ பழசாத் தெரியலையே."

"பழைய ஓனரு பெங்களூரு அம்மாடா. கன்னடத்துலயும் அதுக்குப் பேரு கனகாம்பரந்தான், தெரியுமா? இந்தப் பூவுல ஈரம் கம்மி, அதனால வாடாது. ஏன்னா..."

லூர்து மேரி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு ஜெபத்துக்கு இரண்டேகாலுக்கே போய்விட்டாள்.

வடிகட்டி சுத்தம். மைலேஜ் பதினான்கு.

சவரி ஞாயிறு பூசையைத் தாண்டி ஆண்டவரைத் தொந்தரவு செய்யாதவர். ஆனாலும் அன்று இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மேரி, உன் ஜெபத்துல இந்த வண்டிக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கறியா?"

"எவ்ளோ நேரங்க?"

"கூட ஒரு மணி நேரம் வேண்டிக்கோயேன்."

"சரிங்க."

இத்தனை வருட வாழ்க்கையில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. தனக்கு வாய்த்த மனைவியை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதினொன்று.

"நெசமாலுமே வேண்டிக்கறியா?"

"தெனமும் நாலரை வரைக்கும் மனசார உக்காந்திருக்கேங்க. எனக்கு எவ்ளோ ஆறுதலா இருக்குது தெரியுங்களா."

"உனக்கு இருந்து என்ன, வண்டிக்கு இல்லையே."

பிறகுதான் அவருக்கு அது கண்ணில் பட்டது. ஞாயிறு சாயங்காலம் டேங்கில் முக்கால் இருந்தது. சனிக்கிழமை பார்த்தால் பாதிக்கும் கீழே. நடுவில் வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மூடிய டேங்கில் பெட்ரோல் அவ்வளவு ஆவியாகாது. ஆகவே, திருட்டு.

வீட்டில் இடம் இல்லாததால், வண்டி அடுத்த தெருவில் ஒரு தகர ஷெட்டில் நின்றது. முன்பக்கம் திறந்த ஷெட். பக்கத்துக் குடிசையில் தீர்த்தம்மாள் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். சவரி டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டுவிட்டு அவளிடம் போனார். முதலில் பெட்ரோலை டியூப் போட்டு எப்படி உறிஞ்சுவார்கள் என்று விளக்கினார். அவள் ஆடு ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போயேவிட்டது.

"வெளியாளு எவனாச்சும் வண்டிகிட்ட வந்தா ஒடனே எனக்குச் சொல்லோணும் தீர்த்தம்மா."

"கண்ணுல வெளக்கெண்ண உட்டுக்கிட்டுப் பாக்கறேங்க சாரு. ஒரு ஈ, காக்கா வராது."

அவள் சொன்னபடியே எந்த வெளியாளும் வரவில்லை. பூட்டிலும் கீறல் இல்லை. மைலேஜ் ஒன்பது.

அன்று அவர் டேங்க் பூட்டின் சாவியை மேசையில் வைத்தார்.

"வித்துடப் போறேன் மேரி. பாலக்கோட்டுல ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"விக்காதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எதற்கும் வேண்டாம் என்று சொல்கிற பெண் இல்லை.

"அவ்ளோ புடிச்சிருக்கா உனக்கு வண்டிய?"

"புடிச்சிருக்குங்க."

"எது ரொம்பப் புடிச்சிருக்கு, சொல்லு?"

வேகத்தைக் கரண்டாக்கித் தரும் ரீஜெனரேட்டிவ் பிரேக் என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சத்தமே இல்ல பாருங்க."

"அதுக்குக் காரணம் என்னன்னா," என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் சொன்னார். முடிவில் டேங்க் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எல்லாம் சரிதான் மேரி. ஆனா என்னால வெளக்கிச் சொல்ல முடியாத ஒரு பொருளு என் வூட்ல இருக்கக் கூடாது. என்னை அது தெனமும் கேலி பண்ற மாதிரி இருக்குது."

அவள் எழுந்துபோய் இருதயநாதர் படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். சாவி அவர் சாவியைவிடத் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பாலக்கோட்டுக்காரர் வந்தார். இரண்டு மாட்டுக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அவரால் வண்டியை எடுக்க முடிந்தது. கார் சத்தமில்லாமல் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

காலி ஷெட்டில் சவரி நின்றார். தரையில் ஒரு எண்ணெய்த் துளிகூட இல்லை. அவ்வளவு நல்ல வண்டி. ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு தீர்த்தம்மாள் வந்தாள்.

"கடைசி வரைக்கும் திருடன் சிக்கல தீர்த்தம்மா. வண்டிதான் போச்சு," என்றார்.

தீர்த்தம்மாள் தழையைக் கீழே போட்டுவிட்டு ஷெட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"குடுத்தே புட்டீங்களா சாரு? அப்ப நாளையிலருந்து மத்தியானம் ஏசியப் போட்டுக்கிட்டு, ஒருத்தரும் எதையும் வெளக்கிச் சொல்லாம, அம்மா எங்க போயித்தான் படுப்பாங்க?"